தூரம் பார்க்கிற வேலை

ஒரு படிவத்துக்கு நூற்றியெண்பது ரூபாய்.
பஸ் காசு தனி, ரிக்கட் காட்ட வேணும்.

நான் ஒரு சொல் சொல்லுவேன்.
மனதில் முதலில் வருகிற சொல்லை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்.
சரி பிழை இல்லை, இது சோதனை இல்லை என்று
மூன்று தரம் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.
மூன்றாம் தரத்தில் எல்லாரும்
நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இரண்டு சொல்லுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று
டெப்புக்குள் இருக்கிற ஒன்று அளக்கும்.
பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் வழமையான மூளை.
ஒன்றுக்குக் கிட்ட என்றால் புதிதாய் யோசிக்கிற மூளை.
"தூரம் எண்டா எவ்வளவு? கல்முனைக்குப் போறளவா,
அம்பாறைக்கா?" என்று கேட்டா மருந்துக்கடை ஹாஜறா.
பிறகு தானே வாயைப் பொத்திச் சிரித்து,
"வேற சொல்லு கிடைக்கல்லையாகா உங்களுக்கு" என்றா.

முதல் கிழமை கல்லடி.
மீன் என்றேன்.
பாட்டு என்றான் ஓட்டோக்காரன்.
பாட்டு என்றாள் அவனிடம் மிச்சக்காசு வாங்கியவள்.
பாலத்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை
கொட்டாவி விட்டுக்கொண்டே பாட்டு என்றது.
0.88
0.88
0.88
வாவிக்கரையில் ஆருமே காது கொடுக்காத பதில்
கொழும்புக்கு
மேதைகளின் பட்டியலாய்ப் போனது.

மறுகா பாண்டிருப்பு.
கதவு, பூட்டு.
உப்பு, கறி.
மாடு, ரோட்டு. (0.79. அதில் என்ன புதினம்?
வந்து பாருங்கோ எங்கட ரோட்டை.)
அலை,
செருப்பு.

பிழையாய்க் கேட்டுவிட்டேனென்று நினைத்தேன்.
அடுத்த வளவில் அலை. செருப்பு.
தையல்மெஷினை மிதித்தபடி, தலை நிமிராமல்,
யோகலட்சுமியும் செருப்பு என்றா.
0.93
ஒருவரும் விளக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
அந்த மார்கழிக்குப் பிறகு
இந்தக் கரையில் எது எது ஒதுங்கிக் கிடந்தது,
எதைப் பார்த்து ஆளை மட்டுக்கட்டினார்கள் என்று
எனக்கும் தெரியும். ஏழு வயது.

டெப்புக்குள் இருக்கிறது
தமிழை வேறெங்கோ படித்தது.
சினிமாச் செய்தி, சமையல் குறிப்பு, தேர்தல் அறிக்கை,
லட்சக்கணக்கான பக்கம்.
மணலில் சோடி தேடாத தமிழ்.
அதற்கு இது கற்பனை.
இந்த ஒழுங்கைக்கு இது அகராதியில் முதல் பக்கம்.

கடைசிப் படிவம் ஐஸ் வாடியில், கமலேந்திரன்.
சாக்கால் கையைத் துடைத்துவிட்டு
மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தான்.
இரும்பு, துரு. இரவு, லைற்று. பால், தேத்தண்ணி.
அலை என்றேன்.
ஒரு லொறி பின்னால் வந்து நின்றது.
ஒருவன் இறங்கி, பின்கதவைத் திறந்து,
ஐந்து கட்டி எண்ணி ஏற்றினான்.
துடைத்த கையை இன்னொருதரம் துடைத்தான் கமலேந்திரன்.
"கடல்."

0.09
மாவட்டத்திலேயே ஆகக் குறைவு.
நாற்பத்தேழு வினாடி.
அதற்குள் என்னென்ன சொல்லைக் கையிலெடுத்து,
புரட்டிப் பார்த்து, திரும்பக் கீழே வைத்தானோ.
எவ்வளவு தூரம் சுற்றி வந்து
இந்தக் கிட்டச் சொல்லைத் தொட்டானோ.

"பத்து வினாடிக்கு மேல போனா
கவனமில்லாமல் செய்தது எண்டு அர்த்தம்" என்றார்
போனில் பொறுப்பாளர். "அந்த வரிசையை எடுத்துவிடுங்கோ."
எடுத்துவிட்டேன்.
நூற்றியெண்பது ரூபாய் குறைந்தது.

பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தது.
கல்லாறுகளுவாஞ்சிக்குடிசெட்டிபாளையம் என்று
ஊர்களுக்கு நடுவே இடமே விடாமல் கூவினான் கொண்டக்டர்.
சும்மா எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்:
அலை.
பதில் வர முதல்
என் கால்
சீற்றுக்குக் கீழே
தடவத் தொடங்கியது.