கூரையோரம் ஒன்றுமில்லை

டுலூத்தில் ஜனவரி.
எதிர்வீட்டு ஹால்வர்சன் என் கூரையோரத்துப்
பனிவிழுதுகளைக் கைப்பேசியில் படமெடுத்தார்.
“ஆளுயரம்! கொள்ளை அழகு” என்றார்.
சிரித்து வைத்தேன்.
அத்தனையும் என் எரிவாயு பில்.
உள்ளே எரித்தது மேலே கசிந்து
கூரைப்பனியை உருக்கி,
விளிம்பில் வந்து மறுபடி உறைந்து
தலைகீழாய் நிற்கிறது.

நெற்றியில் விளக்கும் வாயில் முகமூடியுமாய்
பரண்மேல் ஏறினேன்.
பலகை துளைத்து இறங்கிய ஆணி ஒவ்வொன்றும்
நுனியில் ஓர் உப்புக்கல் உறைபனி வைத்திருந்தது.
குளியலறை விசிறியின் குழாய்
வெளியே போகவேயில்லை.
ஆறு வருடம் நான் வெந்நீரில் குளித்த ஆவி
இங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ரெய்னோ விட்டுப்போனவற்றில்
இந்த ரோஜாநிறக் கண்ணாடிப் பஞ்சும் ஒன்று.
முழங்காலால் அமுக்கி அமுக்கி,
கூரை மூச்சுவிடும் துளை வரைக்கும் திணித்திருந்தான்.
இறுக்கினால் கதகதப்பு கூடும் என்று கணக்கு.
அவனுக்கு எல்லாவற்றிலும் அதே கணக்குதான்.
காப்பது பஞ்சல்ல,
பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்று.
அமுக்கினால் முதலில் எழுந்து போவதும் அதுதான்.

கடையில் விலை கேட்டேன்.
தெளிக்கும் நுரை என்றதும்
பள்ளிப் பேருந்து ஓட்டும் என் சம்பளம் இருமியது.
பஞ்சுப்பாய் மறுபடி வேண்டாம், பாய் பாவம்தான், இருந்தாலும்.
மிச்சம், பழைய செய்தித்தாளை அரைத்த தூள்,
தீ சட்டென்று பற்றாதபடி மருந்து கலந்தது.
நாற்பது மூட்டை எடுத்தால் ஊதும் இயந்திரம் இலவசம்.
“முதலில் ஓட்டையை அடை, அப்புறம் போர்வை”
என்றாள் கல்லாவில் இருந்த டார்லீன் டெஃபோ.

நான்கு சனிக்கிழமைகள்.
கம்பி நுழையும் துளை, குழாய் ஏறும் இடுக்கு,
சுவர்த்தலையில் நூலளவு பிளவு.
புகைபோக்கியைச் சுற்றித் தகரமும் வெப்பம் தாங்கும் பசையும்,
தூள் நெருங்காதபடி ஒரு வேலியும்.
விசிறிக் குழாய்க்குக் கூரைவழியே ஒரு வாசல்.
கூரையோரத் துளைகளுக்குக் காற்றுத் தாழி.
விட்டங்களில் காகித அளவுகோல் அடித்தேன்,
பதினாறு அங்குலத்தில் சிவப்புக் கோடு.

ஞாயிறு டார்லீனே வந்தாள்.
கீழே நின்று மூட்டை மூட்டையாய் இயந்திரத்துக்கு ஊட்டினாள்.
மேலே நான், கையில் மலைப்பாம்பு போல் குழாய்.
இரண்டு தட்டு என்றால் நிறுத்து.
சாம்பல்நிறப் பனி வீட்டுக்குள்ளேயே பெய்தது.
முழுச் சொல் ஒன்றுகூட இல்லை.
பாதி எழுத்து,
ஏதோ ஆட்டத்தின் புள்ளி,
யாரோ இறந்த வருடம்.
தும்மிக்கொண்டே கோடு வரை நிரப்பினேன்.

நவம்பரில் முதல் பனி.
தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.
கூரை முழுக்க வெள்ளை,
நடுவில் மட்டும் ஒரு கறுப்புச் சதுரம்.
நான் ஏறி இறங்கிய பரண்கதவு!
ஊரெல்லாம் அடைத்தவள்
நுழைந்த வழியை மறந்திருக்கிறேன்.
அன்றிரவே மூடிமேல் நுரைப்பலகை ஒட்டி,
விளிம்பில் ரப்பர் பட்டை சுற்றி, கொக்கி இறுக்கினேன்.

ஜனவரியில் ஹால்வர்சன் வந்தார்,
கைப்பேசியை எடுத்தார், பையில் போட்டார்.
“இந்த வருடம் ஒன்றுமே இல்லையே, டைமி.”
“ஒன்றுமே இல்லை” என்றேன்.
அந்தச் சொல்லைச் சொல்ல
இத்தனை சந்தோஷமாய் இருக்கும் என்று தெரியாது.
பேருந்து காத்திருந்தது.