இரண்டரைக் கட்டை

பாம்பனில் எங்கள் வீடு
ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்சுவர்.
கம்ப்ரஸர் ஓடினால் தண்ணீர்ச் செம்பு நடுங்கும்.
நின்றால் தெருவுக்கே தெரியும், கரண்ட் போச்சு.
அந்தச் சத்தத்துக்குள்தான்
வயலின் வாசித்தாள் என் அக்கா அமலோற்பவம்.
அது நின்றால் அவளும் நிறுத்துவாள்.

வயலின் கோயிலுடையது. மூன்றே தந்தி.
வில்லுக்குப் போட ஒன்றுமில்லாமல்
வள்ளத்துப் பலகை இடுக்கில் பூசுகிற குங்கிலியத்தைத்
தேய்த்துவிட்டாள் ஒருநாள்.
ஞாயிறு பூசையில் அது எழுப்பிய ஓசைக்குச்
சாமியார் பிரசங்கத்தையே மறந்தார்.
அப்பாவிடம் அடி.
எனக்கும் இரண்டு, சிரித்ததற்கு.

பிறகு மதுரை, இசைக் கல்லூரி, விடியல் பாசஞ்சர்.
பாலத்தில் ரயில் ஊர்கிற நேரம் முழுக்க
ஜன்னல் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கும் அவள் இடதுகை விரல்கள்.
எதிர் சீட்டுக் கருவாட்டுக்காரி கேட்டாளாம்,
"நரம்புத் தளர்ச்சியா மகளே?"

அழைப்பிதழுக்குப் பெயர் நீளம் என்று
ஒரு சபா செயலாளர் 'அமலா' ஆக்கினார்.
முப்பத்தொரு வருடம் அமலா,
பாடகர் பெயருக்குக் கீழே, பாதி அளவு எழுத்தில்.
"பொம்பளை பக்கத்தில் இருந்தால் எனக்கு ஓடாது" என்றவர்
ஆள் கிடைக்காத ஒரு மழைநாளில்
பரமக்குடியில் அவளோடு
மூன்றரை மணி நேரம் ஓடினார்.

ஆண் பாடினால் ஒன்று, ஒன்றரை.
பெண் பாடினால் ஐந்து, ஐந்தரை.
அதற்குத் தக்க முடுக்குவாள், தளர்த்துவாள்.
உப்புக்காற்று தின்றது போக மிச்சத் தந்தியில்.
அவளுக்கு எது கட்டை என்று யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.

கச்சேரி நோட்டு ஒன்று வைத்திருந்தாள்.
தேதி, ஊர், பஸ் காசு, வந்த பணம், வராத பணம்.
கடைசிக் கட்டத்தில் ஒரு வரி:
தோடி. இரண்டு தரம் சுற்றி வந்தார். காத்திருந்தேன்.
சஹானா. அவருக்கு ஜலதோஷம்.
தனியில் நாலு வரிசை காலி. காபி நன்றாக இருந்ததாம்.
அனுபல்லவி மறந்துவிட்டார். பிடித்தேன்.

பிடித்தேன் என்றால்
எத்தனை கிலோ என்று கேட்பது எங்கள் வீட்டு வழக்கம்.
கேட்டேன்.
அவர் சொல்லைத் தொலைத்த ஒரு மூச்சுக்குள்
அதை வில்லில் எடுத்து அவர் வாய்க்கு நீட்டினாளாம்.
அவருக்குக் கைதட்டல்.
"உனக்கு?"
"டாக்ஸியில் முன் சீட்டு."

போன பங்குனி, ராமநாதபுரம்.
மண்டபத்தில் ஃபேன் ஓடவில்லை.
தனி வயலின் கச்சேரி, ஃப்ளெக்ஸில் முழுப்பெயர்:
அமலோர்பவம்.
ஒரு எழுத்துப் பிழைக்கு முப்பத்தொரு வருடம் தேவலை என்றேன்.
முறைத்தாள்.

சுருதிப் பெட்டிப் பையன் கேட்டான்,
"எத்தனை கட்டை மேடம்?"
உடனே சொல்லவில்லை.
கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்கிறவள் மாதிரி
தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.
"இரண்டரை."
பெட்டி எழுந்ததும்
என் கை தன்பாட்டில் நீண்டது,
செம்பைப் பிடிக்க.

எனக்குச் சங்கீதம் தெரியாது.
பார் ஐஸ் எத்தனை வெயில் தாங்கும் என்று தெரியும்.
அந்தச் சத்தம்தானா, இல்லை என் காதுதானா?
அவளிடம் கேட்கலாம், இதுவரை கேட்கவில்லை.

வர்ணம், ஒரு பேகடா,
பிறகு நெடுநேரம் காம்போதி.
மேலே போய் அங்கேயே நின்றாள்.
எவரும் பாடவில்லை, எவருக்காகவும் இறங்க வேண்டியதில்லை.
முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மாட்ட மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

மிருதங்கம் தனி தொடங்கியபோது எழுந்தேன்.
வில்லை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.
காபிக்கு என்று நினைத்திருப்பாள்.
விடிந்தால் விசைப்படகுக்கு டோக்கன் நாள்,
அறுபது பார் உடைத்தாக வேண்டும்.
நோட்டில் என்னவும் எழுதிக்கொள்ளட்டும்.