உடம்படுமெய்

ஓலோமொத்ஸ். நவம்பர். காலை ஏழு.
மூடுபனி ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது,
அனுமதிச் சீட்டு இல்லாததுபோல்.
மேசையில் ஒரு மனிதனின் இடது சிறுநீரகம்:
மெழுகில் ஊறி,
தலைமயிரை இருபதாய்ப் பிளந்த கனத்தில் சீவப்பட்டு
கண்ணாடிச் சில்லில் ஒட்டிக் கிடக்கிறது.

டாக்டர் ரட்மிலா ஹுட்செச்கோவா கண்ணை வைக்கிறாள்.
தேடுவது பழுப்புக் கோடு.
செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே
கால்சியம் குடித்து விறைத்து நிற்கும் ஒரு புரதம்,
கேடெரின்.
இந்தப் பக்கத்துக் கை அந்தப் பக்கத்துக் கையைப்
பிடித்திருந்தால்தான் சாயமும் பிடிக்கும்.

கோடு இல்லை.
கொழுப்பை ஸைலீன் கரைத்துக்கொண்டு போனபின்
வெளுத்துக் கிடக்கும் செல்கள்,
குடிபோன வீட்டு அறைகள்போல.
இல்லை, அறை என்றால் சுவராவது பொதுவாய் இருக்கும்.
இவை பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான்.
ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

என் மொழியின் இலக்கணத்தில் ஒரு விதி உண்டு.
இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால்
நடுவில் ஒரு மெய் வந்து நிற்கும்.
மணி, அடி: மணியடி.
அந்த யகரத்துக்குத் தனியாய்ப் பொருள் கிடையாது.
எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்
வாய் எங்கே தடுக்குகிறது என்று.
உடம்படுமெய் என்று அதற்குப் பெயர் வைத்தவர்
நுண்ணோக்கி பார்த்திருக்க மாட்டார்.

ரட்மிலாவுக்குத் தமிழ் தெரியாது.
அவளுக்கு இருந்தது ஒரு நப்பாசை:
சாயம் போட்டவன் தப்புச் செய்திருக்கலாம்.
"ஒண்ட்ரா, நேற்று ஆன்டிபாடி புது பாட்டிலா?"
"பழசுதான். நன்றாகத்தான் இருந்தது."
"இன்னொரு தடவை போடு."
நாலு மணிநேரம்.
அதற்குள் ஒரு பித்தப்பை, மூன்று மச்சம்,
யாருடையவோ ஒரு குடல்வால்.

புதுச் சில்லு.
ஓரத்தில், கட்டி தொடாத சில நுண்குழாய்கள்.
அங்கே பழுப்பு இருக்கிறது,
தேனடைக்கு மையிட்டதுபோல், அவ்வளவு துல்லியமாய்.
ஆக, சாயம் பொய் சொல்லவில்லை.
இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒன்றுமில்லை.
அந்த நல்ல குழாய்களின்மேல் அவளுக்குக் கோபம் வந்தது.

பற்றை விடு, பற்றை விடு என்று
எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.
இதோ, விட்டவை.
சிரைக்குள் இரண்டு கொத்தாய் எட்டிப் பார்க்கின்றன.
முக்திக்கு அல்ல;
நுரையீரலில் இடம் காலி என்று கேள்விப்பட்டு.

தையல் பிரிக்க வந்த நாளில்
போஹுமில் ஹனாக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார்.
தன்னுடையதைப் பார்க்க வேண்டுமாம்.
பதினெட்டு வருடத்தில் அப்படிக் கேட்ட இரண்டாவது ஆள்.
ப்ஷெரோவ் சந்திப்பில் சரக்குப் பெட்டிகளைக் கோர்க்கிறவர்:
கொக்கியில் வளையத்தை மாட்டி, திருகி,
குனிந்து வெளியே வந்து கை காட்டுகிற வேலை.
நெடுநேரம் பார்த்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பவும்.
"நல்ல ஓரத்தையும் காட்டுங்கள்" என்றார்.
காட்டினாள்.

"கழன்ற பெட்டி சத்தம் போடாது, டாக்டர்.
ராத்திரியில் சும்மா உருளும்.
தண்டவாளத்தில் இரும்புக் கட்டை ஒன்று வைப்போம்,
சக்கரம் அதன்மேல் ஏறி நிற்கும்.
இதற்கு அப்படி ஏதாவது?"

"இருக்கிறது. சிலருக்கு நிற்கிறது."

"சிலருக்கு."
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்,
ஒன்றை விட்டுவிட்டு அடுத்த துளையில்.
அவள் கவனித்தாள், சொல்லவில்லை.
நுரையீரல் ஸ்கேன் திங்கட்கிழமை என்றாள்.

அறிக்கை அன்று மாலைதான் தட்டச்சானது.
கேடெரின்: காணப்படவில்லை.
முதலில் 'இல்லை' என்று அடித்து,
அழித்துத்தான் அப்படி மாற்றினாள்.
இரண்டும் ஒன்றல்ல என்று
அவளுக்கு ஓர் எண்ணம்.