ஒட்டுக் கேட்பது

எலத்தகிரி கோயில் பாடகர் குழுவில்
ரெண்டு வருஷமாக என் கிட்டார் கேட்கவில்லை,
கீபோர்டு வந்ததிலிருந்து.
ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாட்டுக்கு,
கம்பியைத் தொடாமலே கையை மட்டும் அசைத்தேன்.
ஒருவரும் திரும்பவில்லை.
பூசை முடிந்து ஃபாதர்
"இன்னைக்கு நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

அதனால்தான் ஓசூர் பஸ்.

எனக்கு நாலு வயது மூத்த கிட்டார்.
உள்ளே ஒட்டிய லேபிளில் 'கல்கத்தா' மட்டும் மிச்சம்,
மீதியைப் பூச்சி தின்றுவிட்டது.
பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை
சாப்பிட்ட வயிறுபோலக் கொஞ்சம் எழும்பியிருக்கும்.
ஓரமாக ஒரு விரிசல்.
அதில் ஹாஸ்டலில் யாரோ தடவிய ஃபெவிகால்.

ராயக்கோட்டை ரோட்டில் வெங்கடேசப்பா கடை.
கல்யாண மண்டப மிக்ஸர்கள் வயிறு பிளந்து கிடந்தன.
உதவிப் பையனிடம் தெலுங்கு, போனில் கன்னடம்,
என்னிடம் தமிழ்,
சால்டரிங் அயர்னிடம் கெட்ட வார்த்தை.

முதலில் காந்தம்.
துளைக்குக் குறுக்கே கவ்வி உட்கார்ந்தது.
ஸ்பீக்கரில் கம்பி கேட்டது. கம்பி மட்டும்.
மரம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.
சுத்தமாக இருந்தது,
யாருடைய கிட்டாராகவும் இருக்கலாம்.

அடுத்தது, எலும்புக்கு அடியில் படுக்கிற பட்டை.
வேறொரு கிட்டாரில் வாசித்துக் காட்டினான் பையன்:
வாத்து நல்ல தமிழ் பேசினால் அப்படி இருக்கும்.
அதற்குக் காடியை ஆழமாக்கணும், அடியில் ஒரு ஓட்டை போடணும்.
அவர் ட்ரில்லை எடுத்தார்.
முனையில் ஏதோ சுவரின் சிமெண்ட் தூள்.
"அஞ்சு நிமிஷம் மேடம்."
நான் கிட்டாரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மூன்றாவது பத்து ரூபாய் நாணயம் அளவு.
பசையை உருட்டி, பலகையில் வைத்து,
ஒட்டு மாங்கன்று கட்டுகிறவர்போல
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.
அங்கே வைத்தால் தகரம். இங்கே வைத்தால் பானை.
நாலு இடம் மாறி, ஐந்தாவதாக
விரிசலுக்கு இரண்டு விரல் தள்ளி.

எல்லாம் கேட்டது.
மோதிரம் கழுத்தில் தட்டுவது,
துப்பட்டா ஓரம் உரசுவது, என் மூச்சு,
விரிசலுக்குள் ஒரு வண்டு.
வெளியே கிரானைட் லாரி போனது;
அது என் கிட்டாருக்குள் புகுந்து
ஸ்பீக்கர் வழியாக வெளியேறியது.

பிறகு எஃப்.
எஃப் கார்டில் என் சுட்டுவிரல் முழுசாகப் படியாது.
பதினெட்டு வருஷமாகப் படிந்ததில்லை.
அது எனக்கும் முதல் கம்பிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.
'டக்' என்றது ஸ்பீக்கர்,
கடை முழுக்க.

வெங்கடேசப்பா நிமிர்ந்தார்.
"ஏதோ லூஸ் கனெக்ஷன்."
பையன் ஜாக்கைத் திருகினான், வயரை ஆட்டினான்,
வேறு வயர் மாற்றினான்.
இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள்.
வாசித்தேன்.
டக்.
"வயர்ல இல்லண்ணா" என்றேன்.
அவர் என் விரலைப் பார்த்தார்,
பார்க்காததுபோலப் பசை டப்பாவை மூடினார்.

காந்தம் ரெண்டாயிரத்து இருநூறு,
இது தொள்ளாயிரம்.
விலை பார்த்து இதை வாங்கியதாக
வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

சூளகிரியில் கண்டக்டர் பத்து ரூபாய் சில்லறை கேட்டார்.
பர்ஸில் விரல் விட்டுத் துழாவி எடுத்தேன்,
வயரோடு வந்தது.
"என்னம்மா, காதுல மாட்டறதா?"
"இல்லீங்க" என்று சொன்னேன்.
பிறகு அப்படியும் சொல்லலாம் என்று தோன்றியது,
அதற்குள் அவர் முன்படிக்குப் போய்விட்டார்.

கிருஷ்ணகிரி டோல்கேட் வரை
உறைமேலேயே அழுத்திக்கொண்டு வந்தேன்,
எஃப். எஃப். எஃப்.