மிச்சமிருந்த பத்து நிமிடம்

விதின் நகரில் பிப்ரவரி. பள்ளிக்கூட வாசலில்
எங்கள் ஸ்கேன் வண்டி.
ஹீட்டர் போட்டும் ஜெல் குளிர்ந்தே கிடக்கிறது.
டியூபைக் கக்கத்தில் இடுக்கிச் சூடாக்கிக்கொள்கிறேன்,
இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

பட்டியலில் கடைசிப் பெயர் ராதோய், எழுபத்து நான்கு.
தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர்.
பித்தானைக் கழற்றுமுன்பே
அண்ணன் கதையை ஆரம்பித்துவிட்டார்:
ஆசெனுக்கு வாய் கோணிய நாளிலிருந்து
ஒரே ஒரு சொல்தான் மிச்சம். குடை.
பசித்தால் குடை. வலித்தால் குடை.
"இப்போது என் பெயரும் குடை."

தாடைக்கடியில் கருவியை வைத்தேன்.
திரையில் கறுப்புக் குழாய், உள்ளே சிவப்பு துடிக்கிறது.
"கூசுகிறதா?" என்று கேட்டது என் தப்பு.
இல்லை என்று மேலும் கீழுமாகத் தலையாட்டினார்.
எங்கள் நாட்டு வழக்கம் அது.
தமனி திரையை விட்டு நழுவியது.
"வாயால் சொல்லுங்கள். கழுத்து எனக்கு வேண்டும்."

உஸ்... உஸ்... என்ற சத்தத்தைக்
காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.
"கசிவு இல்லை" என்றார்.
நான் தேடியது கசிவை அல்ல.
சுவரில் அங்கங்கே உப்புத் தூவியதுபோல் படிவு,
வயதுக்குத் தக்க அளவு.
"இப்போதைக்குப் பயமில்லை."

அவர் மனைவி யோர்தான்கா கதவோரம்
அவருடைய கோட்டையும் தொப்பியையும் மடியில் வைத்திருந்தார்.
பட்டியலில் அவர் பெயர் இல்லை.
"பத்து நிமிடம் இருக்கிறது, நீங்களும் படுங்களேன்."
எனக்கென்ன கேடு,
முட்டைகோஸ் ஊறுகாய்ப் பீப்பாயை
இன்னும் நானேதான் உருட்டுகிறேன் என்றபடியே படுத்தார்.

இடப்பக்கம்.
குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில்
சிவப்பு சட்டென்று மெலிந்து
மஞ்சளும் பச்சையும் நீலமுமாகச் சிதறியது.
உஸ் போய்ச் சீழ்க்கை வந்தது.
வேகத்தை மூன்று முறை எடுத்தேன்.
எழுபது விழுக்காடு அடைப்பு. சற்றே கூடவும் இருக்கலாம்.
முகம் மாறாமல் இருக்க எங்களுக்குப் பழக்கமுண்டு,
கைதான் அழுத்திவிடும். கையைப் பார்த்துக்கொண்டேன்.

ராதோய் எட்டிப் பார்த்தார். எண் படித்துப் பழகிய கண்.
"இங்கே ஏன் இத்தனை வேகம்?"
நான் பதில் சொல்லவில்லை.
வழி குறுகினால் தண்ணீர் என்ன செய்யுமென்று
நாற்பது வருடம் பார்த்தவர்.
குனிந்து மனைவியின் பூட்ஸை எடுத்து
அதில் இல்லாத பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

யோர்தான்காதான் கேட்டார்:
"எனக்கு எந்தச் சொல் மிஞ்சும்?"

எல்லாமே மிஞ்சும் என்று சொல்ல
எனக்கு அதிகாரமில்லை.
படம் ஆரூடமும் இல்லை,
ஒரு குழாயின் இன்றைய அகலம், அவ்வளவுதான்.
மாத்திரை, ரத்தக்கொதிப்பு, பிளெவெனில் ஒரு மருத்துவர்,
கத்தி தேவையா என்று
அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.
எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

தாள் தீர்ந்திருந்தது.
ஜெல்லைத் தலைத்துணியால் துடைத்துக்கொண்டார்.
"பிளெவென் போவீர்களா?"
புருஷனைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார்.
பிறகு
இடமும் வலமுமாக, மெள்ள,
நிறைகுடத்தைத் தாங்கிய கழுத்துப்போல்
தலையை அசைத்தார்.