பொடியன்

அதன் பெயரில் இருக்கும் 'பி'
பெயினுக்கு என்று எழுதும் மாணவர்களுக்கு
அரைப் புள்ளி குறைப்பேன்.
குதிரைக் குடலைக் காய்ச்சி வடித்தவர்கள்
குடுவையின் அடியில் கண்டது பவுடர். அந்தப் பி.
"தமிழிலும் பொடிதானே" என்றான் இம்தியாஸ்.
அன்றிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்தில் அதற்குப் பெயர்
பொடியன்.

பதினொரு அமினோ அமிலங்கள்.
தலையில் ஆர்ஜினின், வாலில் மெத்தியோனின்,
நடுவில்
குளுட்டமின் குளுட்டமின் ஃபினைல்அலனின் ஃபினைல்அலனின்
என்று இரட்டைக்கிளவி மாதிரி ஓரிடம்.
சுட்டுக்கொண்ட விரலிலிருந்து
முள்ளந்தண்டுக்குச் சேதி கொண்டு ஓடுகிற பயல்.
அவனை வழிமறித்தால் வலி நின்றுவிடும்:
இந்த ஒரு வாக்கியத்துக்கு
என் இருபத்தெட்டு வருடம்.

தொண்ணூற்றாறு, ஆவணி.
திருகோணமலை ஆஸ்பத்திரியில்
மிதிவெடியில் கால் போன பத்தொன்பது பேர்
முதுகை வளைத்துத் தந்தார்கள்,
ஆளுக்கு இரண்டு மில்லிலீற்றர் முள்ளந்தண்டு நீர்.
யோகராசா கேட்டார்:
"இல்லாத பெருவிரல் ஏன் பிள்ளை இரவில முறுகுது?"
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

உள்துறைமுகத்து மீன்காரர் தந்த ரெஜிஃபோம் பெட்டி.
மூன்று தரம் கழுவியும் பாரை மணம் போகவில்லை.
தாதியர் அறைத் தொலைபேசியில்,
ஒரே இரைச்சல், பேராதனைக்குக் கத்தினேன்:
"பொடியனை ஐஸில வச்சுக் கொண்டு வாறன்,
பெரிய ஃப்ரீசரைத் துறந்து வை!"

கந்தளாய்ச் சோதனைச்சாவடியில்
எல்லாரும் திரும்ப ஏறிப் போனார்கள்.
யார் அந்தப் பொடியன்?
எந்த ஊர்? யார் சுட்டது?
பத்தொன்பது குழாயையும் மேசையில் அடுக்கி
ஒவ்வொன்றாய் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்கள்.
பெப்டைட் என்றேன்.
ஆளின் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள்.

மூன்று மணிநேரம்.
ஐஸ் உருகி மேசைக்கால் வழியே மண்ணில் இறங்கியது.
நொதியங்களை யாரும் மறிப்பதில்லை.
ஃபினைல்அலனினுக்கும் ஃபினைல்அலனினுக்கும் நடுவே வெட்டும்.
இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது,
எட்டாம் வகுப்பில் படித்தது.

விடும்போது ஒரு இளைய சிப்பாய்
வீங்கிய கன்னத்தைத் தொட்டுக்காட்டி
பல்லுக்கு ஏதும் இருக்கா என்று சிங்களத்தில் கேட்டான்.
கைப்பையில் இரண்டு பனடோல். கொடுத்தேன்.
அது இரக்கமா பயமா
இன்றுவரை தெரியாது.

பிறகு எல்லாம் பெரிய நாடுகளில் நடந்தது.
பொடியன் நுழையும் வாசலை அடைக்க மருந்து வந்தது.
எலிகள் சுடுதட்டில் நிதானமாய் நின்றன.
மனிதர்களுக்கு
அதற்கும் வெறும் மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.
கட்டுரையை வாசித்த இம்தியாஸ்
அதை மேசையில் குப்புறப் போட்டான்.
தேத்தண்ணி ஊற்றினோம். சீனி கூடிப்போயிருந்தது.
எனக்குத் தெரியாது என்று
யோகராசாவுக்கு நான் எழுதிய கடிதம்
முகவரியில் ஆளில்லை என்று திரும்பி வந்தது.
அதில் கொஞ்சம் நிம்மதி இருந்தது,
ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வருடம் ஓய்வு. உவர்மலையில் வாடகை வீடு.
கிழமையில் இரண்டு நாள் புற்றுநோய் விடுதிக்குப் போய்
மருந்து அட்டைகளைச் சரிபார்க்கிறேன்.
மூதூர் ராவியத்தும்மாவின் அட்டையில்
அதே மருந்து.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன்.
வலிக்கு அல்ல, வாந்திக்கு.
நாங்கள் தட்டாத கதவு ஒன்றில்,
மூளையின் அடித்தண்டில்,
இவ்வளவு காலமும் பொடியன்
இன்னொரு வேலையும் பார்த்திருக்கிறான்.

மருந்து ஏறிய மறுநாள் போனேன்.
வலி இருக்கா என்றேன், பழக்கதோசத்தில்.
"இரிக்கு டொக்டர், அது எங்க போற?
ஆனா சோறு நிக்குது"
என்று சொல்லி,
மகளிடம் கோப்பையை நீட்டி
இன்னும் ஒரு கரண்டி
மீனாணம் கேட்டார்.