கல்லில் ஒரு ஐ

மேம்பாலத்துக்குக் கீழே ஆறாவது கடை.
ஃபிளெக்ஸ், ரப்பர் ஸ்டாம்ப், கல்வெட்டு.
முதலாளி வின்ஸ்லால் பில் போடுவார்,
நான் எழுத்துப் போடுவேன்.
மார்த்தாண்டத்தில் என்னைப் பிடிக்காதவர்கள்
குறைந்தது நாற்பது பேர் இருப்பார்கள்.

எதிரே தையல்கடை.
பலகையில் லேடீஸ்.
கடைசி ஈக்கும் எஸ்ஸுக்கும் நடுவே
வேண்டாத கால்புள்ளி ஒன்று
உயரத்தில், வௌவாலாகத் தொங்குகிறது.
ஏணி தந்தால் நானே பிய்த்தெடுப்பேன் என்றேன்.
கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே டெய்லர் சொன்னார்:
"அதுக்கும் சேத்துத்தான் பெயின்டருக்குக் காசு குடுத்தேன்."

பேக்கரியில் சாண்ட்விச்சுக்குள் ஒரு டீ அதிகம்.
குடிக்கிற டீ அல்ல, எழுத்து.
அந்த ஒன்றால் ரொட்டிக்கு நடுவே
சூனியக்காரி குடியேறிவிட்டாள்.
யாருக்கும் பயமில்லை.
சாஸ் தொட்டுத் தின்கிறார்கள்.

ஆபீஸை ஓஃபீஸ் என்றவனை,
டியை விழுங்கத் தெரியாமல் வெட்னஸ்டே என்றவளை,
பந்தியில் வைத்தே திருத்தியிருக்கிறேன்.
ஒருமுறை பாயசம்
என் இலையைத் தாண்டிப் போனது.

ஆனால் நாகர்கோவிலை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.
கோவில் இருக்க வேண்டிய இடத்தில்
கொசுவத்திச் சுருள்.
எந்தத் துரை கொளுத்தி வைத்தானோ,
பஸ் பலகைகளில் இன்னும் புகைகிறது.
அதில் நான் கைவைத்ததில்லை.
என் ஆதாரிலும் அந்தச் சுருள்தான்.

இடவப்பாதி மழையில் நனைந்து பெல்சி வந்தாள்.
அப்பா தேவதாசன், குலசேகரத்தில் ரப்பர் வெட்டினவர்,
போன வாரம்.
நாலாய் மடித்த நோட்டுத் தாள்.
பெயர், பிறப்பு, இறப்பு, ஒரு வசனத்தின் எண்.
கடைசி வரி ரெஸ்ட் இன் பீஸ்.
பீஸில் ஒரு ஐ.

தமிழில் என்றால் தொல்லையே இல்லை.
அமைதியும் பீஸ்,
கோழிக்குழம்பில் சண்டை போடுவதும் பீஸ்,
பள்ளிக்கூடத்தில் தவணை கேட்பதும் பீஸ்.
ஆங்கிலத்தில் அந்த ஐ இருந்தால்
மனுஷன் துண்டில் அல்லவா இளைப்பாறுவார்?
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"மாத்தாண்டாம் அக்கா."

"தப்பு இது."

"தெரியும். நானும் பி.காம் தான்.
அம்மைக்க கல்லுல அப்படித்தான் கிடக்கு.
அப்பா எழுதிக் குடுத்தது, பதினோரு வருஷம் முன்ன.
ரெண்டு கல்லும் பக்கத்துப் பக்கத்துல நிக்கப் போவுது.
ஒண்ணு தப்பாட்டும் ஒண்ணு சரியாட்டும் இருந்தா
அம்மைக்குத் தெரிஞ்சு போவும்லா."

பாலத்தின் மேல் ஒரு களியக்காவிளை பஸ்
ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

உட்கார்ந்து அடித்தேன்.
விரல் பழக்கத்தில் சரியாக அடித்துவிட்டது.
அழித்தேன்.
பி. ஐ. ஈ. சி. ஈ.
கம்ப்யூட்டர் சிவப்புக்கோடு போடவில்லை.
அதன் அகராதியில் அதுவும் நல்ல சொல்தான்.
தப்பு என்று தெரிந்தது
கடையில் எங்கள் இருவருக்கு மட்டும்.

கருங்கல்லை மெஷினில் ஏற்றுமுன்
மூன்றுமுறை பார்த்தேன்,
தப்பு சரியாக இருக்கிறதா என்று.

நாலாம் நாள் ஆட்டோ வந்தது.
டெய்லர் கடையை விட்டு இறங்கி வந்து
கல்லுக்கு ஒரு பக்கம் பிடித்தார்.
வரியைப் படித்தார், என்னைப் பார்த்தார்,
வாயைத் திறந்தார்.
மழை வலுக்கவே
மூன்று பேரும் அவர் பலகைக்குக் கீழே ஒதுங்கினோம்.

அண்ணாந்து பார்த்தேன்.
வௌவால் நனைந்துகொண்டிருந்தது.
அன்றைக்கு மட்டும்
நான் ஏணி கேட்கவில்லை.